சுவருக்கு அந்தப் பக்கம்

உபதேசியாருக்கு நினைவு ஒரே நாளில் தப்பிவிடவில்லை. முதலில் சாவியைத் தொலைத்தார். பிறகு, செத்து பன்னிரண்டு வருஷமான மனைவி எங்கே போயிருக்கிறாள் என்று கேட்டார். அதற்கும் பிறகு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடிய சங்கீதங்களில் பாதியில் நின்று, பாடம் மறந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழித்தார். ஒரு ஆகஸ்ட் மாதக் காலையில் சொந்த மகனைப் பார்த்து, "ஐயா, நீங்க யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று மரியாதையாக விசாரித்தபோது வீட்டில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

எல்லோரும் என்றால் இரண்டே பேர். மகன் பஸ் டிப்போவில் ஃபிட்டர். மதியம் மூன்று மணியிலிருந்து ராத்திரி பதினொன்று வரை வேலை. மருமகள் பெரிய ஆஸ்பத்திரியின் லாண்டரியில் இருந்தாள். காலை ஆறிலிருந்து இரண்டு வரை. அவள் படியேறும்போது அவன் படியிறங்குவான். ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்குக் கிழவர் மாறுவார். "நாம புருஷன் பெண்டாட்டியா, வாட்ச்மேன்களா?" என்று அவன் ஒருநாள் கேட்டான். அவள் சிரிக்கவில்லை.

கிழவர் ஊழியம் செய்த சபையில் போதகர்கள் மூன்று வருஷத்துக்கு ஒருவராக மாறிப் போனார்கள். உபதேசியார் மட்டும் முப்பத்தெட்டு வருஷம் அங்கேயே இருந்தார். போதகர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம், வீடு வீடாக ஜெபம், சாவு விழுந்தால் அடக்க ஆராதனை, எல்லாம் அவர் பொறுப்பு. கண்டிப்பான மனுஷர். குரலும் அப்படி. மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக் கிழவியின் காதுக்கும் எட்டும்.

அந்தக் குரலோடு மருமகள் ஒன்பது வருஷமாகப் பேசவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு டிசம்பர் இருபத்தோராம் தேதி அவளுக்குக் குழந்தை பிறந்தது. எட்டாம் மாதம். ஆண் பிள்ளை. வெளியே வரும்போதே உயிர் இல்லை. வார்டு ஆயா ஒரு துணியில் சுற்றி, முகத்தை மட்டும் ஒரு நிமிஷம் காட்டிவிட்டு எடுத்துப் போனாள். நெற்றியில் ஒட்டியிருந்த ரத்தத்தைத் துடைக்கக்கூட இவள் கைக்குத் தரவில்லை. புருஷன் வந்தபோது இவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: மாமாவை ஒழுங்காக ஜெபம் பண்ணி அடக்கம் செய்யச் சொல்லுங்கள்.

உபதேசியார் மாட்டேன் என்றார். ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு அடக்க ஆராதனை வாசிக்கக் கூடாது என்று பழைய முறைமையில் இருக்கிறது. ஊருக்கு ஒரு நியாயம், என் வீட்டுக்கு ஒரு நியாயமா என்றார். அதற்கு முன் பல வீடுகளுக்கு அவர் அதே பதிலைச் சொல்லியிருந்தார். அவர்கள் அழுதுகொண்டு போயிருந்தார்கள். அதனால் இவருடைய பேரப்பிள்ளையும் கல்லறைத் தோட்டத்துக்குள் போகவில்லை. தோட்டத்தின் பின்சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே ஆறடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அங்கே குழி வெட்டி, ஒரு வார்த்தை சொல்லாமல் மூடினார்கள்.

நாலு நாள் கழித்துக் கிறிஸ்துமஸ் காலையில் அவளுக்குப் பால் சுரந்தது. யாருக்கு என்று உடம்புக்குத் தெரியவில்லை. அவளுடைய அம்மா பழைய துணியைக் கிழித்து நெஞ்சை இறுக்கிக் கட்டிவிட்டாள். துணி நனைந்தது, மாற்றிக் கட்டினாள், அதுவும் நனைந்தது. இரண்டு தெரு தள்ளியிருந்த கோயிலின் ஒலிபெருக்கி வழியாக மாமாவின் குரல் ஜன்னலுக்கு வந்தது. சத்திரத்தில் இடம் கிடைக்காதவருக்கு உங்கள் வீட்டில் இடம் கொடுங்கள் என்று அந்தக் குரல் கேட்டது. இம்மானுவேல் என்றால் தேவன் நம்மோடு இருக்கிறார் என்று அர்த்தம் சொன்னது. அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். தையல் வலித்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு குழந்தை தங்கவில்லை. மாமாவோடு சண்டை போடவும் இல்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள். சாப்பாடு ஆறுது என்பதையும் தண்ணி காஞ்சிருக்கு என்பதையும் சுவரிடம் சொல்வாள். அவர் கேட்டுக்கொண்டு எழுந்து போவார். அவரும் ஒருநாள்கூட என்னம்மா கோபம் என்று கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வந்தாள். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் போகமாட்டாள். வருஷா வருஷம் அன்றைக்கு டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். பண்டிகையை விட்டுக்கொடுக்கிறாளே, எவ்வளவு நல்ல மனசு என்று லாண்டரியில் சொல்வார்கள்.

இப்போது அந்த மாமாவின் உடம்பு அவள் கைக்கு வந்து சேர்ந்தது.

வேலை அவளுக்குப் புதிது இல்லை. லாண்டரியில் வார்டு வார்டாக வரும் அழுக்குத் துணி மூட்டைகளைப் பிரித்து ரகம் பிரிப்பதுதான் பதினாலு வருஷமாக அவள் வேலை. ரத்தக் கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் பிடித்துக்கொள்ளும். மலம், சீழ், வாந்தி, மருந்து, ஒவ்வொன்றும் எப்படிப் போகும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவாள். மாமாவையும் அப்படித்தான் துடைத்தாள், புரட்டினாள், துணி மாற்றினாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பின் மேல் யாருக்காவது கோபம் வருமா? அவளுக்கும் வரவில்லை. வேறு எதுவும் வரவும் இல்லை.

ஒரே ஒரு நாள் தவிர. நவம்பரில் ஒரு மதியம் அவர் படுக்கையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டார். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். "யாராவது இருக்கீங்களா? ஈரமா இருக்கு" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பெரிய குரல் சின்னதாகி, கடைசியில் முனகலாகி நின்றது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணி நேரம் போகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

டிசம்பர் நடுவில் சபைச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். கோயில் கட்டி நூறு வருஷம் ஆகிறதாம். கிறிஸ்துமஸ் ஆராதனையில் உபதேசியாரை முதல் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு கேடயம் கொடுத்து மரியாதை செய்யப் போகிறார்களாம். அவருக்கு எதுவும் புரியாதே என்று மகன் தயங்கினான். அவருக்குப் புரியாவிட்டால் என்ன, சபைக்குப் புரியும் அல்லவா என்றார் செயலாளர். மகன் ஒத்துக்கொண்டான்.

தனியாக அவரைச் சமாளிக்க அவனால் முடியாது. அதனால் லாண்டரி சூப்பர்வைசருக்கு அவனே போன் போட்டு அவளுக்கு லீவு கேட்டான். ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து எடுத்துக்கச் சொல்லுங்க என்று அந்த அம்மாள் சிரித்தாளாம். இதைக் கேட்டபோது மருமகள் மாமாவின் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

கிறிஸ்துமஸ் காலை குளிராக இருந்தது. கோயிலுக்குள் புதுத்துணி வாசமும் மெழுகுவர்த்தி வாசமும். முதல் பெஞ்சில் நடுவில் மாமா, இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் மருமகள். எல்லோரும் வந்து அவர் கையைப் பிடித்து வாழ்த்து சொன்னார்கள். அவரும் தலையாட்டி, "உங்களுக்கும், உங்களுக்கும்" என்றார். பரவாயில்லையே, நல்லாத்தானே இருக்கார் என்றார்கள். அவர்களுக்கு நேர் பின்பெஞ்சில் செயலாளரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். பேச்சுக் குறைந்த, நரைத்த அம்மாள்.

இரண்டாவது பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். இளம் போதகர் வேதப்பகுதியை வாசிக்க ஆரம்பித்தார். அப்போது மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. லாண்டரி மூக்கு. மாமா நேராக உட்கார்ந்திருந்தார், முகத்தில் ஒரு சங்கடம் மட்டும். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களுக்கும் தெரிந்தது. பின்பெஞ்சில் கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின. செயலாளரின் மனைவி எழுந்து இரண்டு பெஞ்சு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். ஒரு குழந்தை சத்தமாக, "அம்மா, நாத்தம்" என்றது. அதன் வாயைப் பொத்தினார்கள். செயலாளர் குனிந்தபடி வந்து மகனின் காதில் ஏதோ சொன்னார். மகன் அசையவில்லை. காதெல்லாம் சிவந்து, மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மருமகள் எழுந்து மாமாவின் அக்குளில் கை கொடுத்தாள்.

"எழுந்திருங்க மாமா."

மாமா என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அதை நினைத்துப் பார்க்க நேரம் இல்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக அவரை மெல்ல நடத்திக்கொண்டு போனாள். போன வழியெல்லாம் தரையில் தெரிந்தது.

கோயிலுக்குப் பின்னால், பொருட்கள் வைக்கும் அறையை ஒட்டி ஒரு குழாய் உண்டு. அதைத் தாண்டினால் கல்லறைத் தோட்டம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் தோட்டக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். குழி வெட்டுவதும் அவர்தான். அவர் குழாயடியில் பூவாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஒரு வாளியைக் காலி செய்து தண்ணீர் பிடித்து வைத்தார்.

வெந்நீருக்கு அங்கே வழி இல்லை. அவள் மாமாவின் காலணியைக் கழற்றினாள், பேன்ட்டைக் கழற்றினாள். அவர் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார். எல்லாம் மறந்தும் வெட்கம் மட்டும் அவருக்கு மிச்சமிருந்தது. முதல் குவளைத் தண்ணீர் பட்டதும் உடம்பு தூக்கிப் போட்டது. "குளிருது அம்மா, குளிருது" என்று அழுதார். எலும்பும் தோலுமான தொடைகள், சுருங்கிய தோல். அவள் கழுவிக்கொண்டே இருந்தாள்.

உள்ளே போதகர் பேசுவது ஒலிபெருக்கியில் கேட்டது. தேவன் தூரத்தில் நின்று ஆணை போட்டிருக்கலாம், ஒரு தேவதூதனை அனுப்பிவிட்டு இருந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் நம்முடைய மாம்சத்தையே எடுத்துக்கொண்டு வந்தார் என்று பேசினார். பசிக்கும், குளிரும், வலிக்கும் உடம்பு. நல்ல பேச்சுதான். ஆனால் அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். குழந்தை உடம்பு என்றால் பசியும் குளிரும் மட்டுமா? இதுவும்தானே. தொழுவத்தில் அந்தத் தாய்க்கும் வெந்நீர் கிடைத்திருக்காது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் தன்னைத் தானே கழுவிக்கொள்ள முடியாமல் யாரோ ஒரு பெண்ணின் கையில் கிடந்திருக்கிறார். இத்தனை வருஷம் கேட்ட கிறிஸ்துமஸ் பிரசங்கம் ஒன்றிலும் யாரும் இதைச் சொன்னதில்லை. மாமாவும் சொன்னதில்லை.

துடைக்கவும் போர்த்தவும் துணி வேண்டும். அவள் பொருள் அறைக்குள் போய் அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டில் பெரிய வெள்ளைத் துணி மடித்து வைத்திருந்தது. என்ன துணி என்று அவளுக்குத் தெரியும். எடுத்து வந்து மாமாவின் இடுப்பிலிருந்து கால்வரை சுற்றினாள், மிச்சத்தைத் தோள்மேல் போர்த்தினாள். அவர் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது.

என்ன ஆச்சு என்று பார்க்க வந்த செயலாளர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, அது பலிபீடத்துத் துணி. நூறாவது வருஷத்துக்குன்னு புதுசா தைச்சது."

"துணிதானே ஐயா. துவைச்சா போயிடும். என் வேலையே அதுதான்."

செயலாளர் கிழவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

மாமாவைக் குழாய்த் திண்டில் வெயில் படும் பக்கமாக உட்காரவைத்தாள். குனிந்து பேன்ட்டை வாளியில் அலச ஆரம்பித்தாள். தோட்டக்காரர் தள்ளி நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேசலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

"உங்க பிள்ளையை வச்ச அன்னிக்கு நான்தான்மா தோண்டினேன்," என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் மெதுவாக மிச்சத்தைச் சொன்னார். எல்லோரும் போன பிறகு சாயங்காலம் உபதேசியார் தனியாக வந்தாராம். பின்கதவைத் திறக்கச் சொல்லி, சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றாராம். கக்கத்தில் ஜெபப்புத்தகம் இருந்ததாம். முக்கால் மணி நேரம் நின்றாராம்.

"திறந்தாரா?"

"எதம்மா?"

"புத்தகத்த. திறந்து வாசிச்சாரா?"

தோட்டக்காரர் கிழவரைப் பார்த்தார். பொய் சொன்னால் இவளுக்கு நல்லது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"இல்லம்மா. திறக்கல. தூறல் போட்டுச்சு. போயிட்டார்."

பழைய கோபம் அப்படியே எழுந்து வந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. போக வேண்டும் என்று தெரிந்து, போய், நின்று, கக்கத்தில் இருந்ததை எடுக்காமல் வந்திருக்கிறார். வந்து நாலாம் நாள் மைக் முன்னால் நின்று, இடம் கொடுங்கள் என்று ஊரைக் கேட்டிருக்கிறார். மனசே இல்லாத ஆள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தது தேவலை போலிருந்தது. இது அதைவிட மோசம். இப்போது அவள் அவரை அங்கேயே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்திருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். கிழவர் வெள்ளைத் துணிக்குள்ளிருந்து கையை நீட்டி அவளுடைய உடுப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். குளிருக்குத்தான் பிடித்திருந்தார், வேறு எதற்கும் இல்லை.

"அந்தக் கதவத் திறங்க," என்றாள் தோட்டக்காரரிடம்.

பின்சுவரில் ஒரு தகரக் கதவு. அவள் மாமாவைத் தூக்கி நிறுத்தி, துணியை இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு அடியாக நடத்திக்கொண்டு போனாள். அந்தப் பக்கம் சாக்கடை நாற்றம், முள்செடி, உடைந்த ஓடு. ஒன்பது வருஷத்தில் அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. தோட்டக்காரர் நாலு எட்டு நடந்து ஒரு இடத்தைக் காட்டினார். காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, வெறும் தரை.

"இப்ப வாசிங்க மாமா," என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சாப்பாடு ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

அவள் அழுவாள் என்று தோட்டக்காரர் நினைத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆகி நின்றது. ஒலிபெருக்கியில் போதகர் தொழுவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் இடம் இல்லை, சத்திரத்துக்குள் இடம் இல்லை. அவரும் வெளியேதான் பிறந்தார் என்று அவளுக்குப் பட்டது. சாகும்போதும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்த்தான் கொன்றார்கள். தேவன் நம்மோடு என்றால், அவர் சுவருக்கு உள்ளே, மெழுகுவர்த்திப் பக்கமாகத்தான் இருப்பார் என்று யார் சொன்னது? ஒன்பது வருஷமாக இங்கே இந்த முள்ளுக்குள், இந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் அவர் இருந்திருக்கலாம். வராமல் இருந்தது அவள்தான்.

இதில் ஆறுதல் இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் செய்ய ஒரு வேலை இருந்தது.

புத்தகம் இல்லை. தெரிந்ததைச் சொன்னாள். பரமண்டல ஜெபத்தைச் சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில் மாமாவின் வாயும் கூடவே அசைந்தது, பிறகு நின்றுவிட்டது. மற்றவர்கள் அடக்கத்தில் கேட்டு நினைவில் நின்ற இரண்டு மூன்று வாக்கியங்களைச் சொன்னாள். கடைசியில், "இது என் பிள்ளை. உம்ம கையில குடுக்கறேன். நான் கழுவிவிடல. நீர் கழுவிவிடும்" என்றாள். தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அவள் கையில் கொடுத்தார். போட்டாள்.

ஆராதனை முடிந்து புருஷன் தேடிக்கொண்டு வந்தான். அவன் கையில் கேடயம் இருந்தது. அப்பா இல்லாததால் அவனைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்; எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். அதைச் சொல்லும்போதே எங்கே நிற்கிறோம் என்று அவனுக்குப் புரிந்தது. கேடயத்தைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

அவள் நவம்பர் மாத மதியத்தைப் பற்றி அவனிடம் சொன்னாள். இரண்டு மணி நேரம் ஈரத்தில் போட்டுவைத்தேன், வேண்டுமென்றே போட்டுவைத்தேன் என்றாள்.

"அப்பா மாட்டேன்னு சொன்னப்ப நான் எதிர்ல நின்னேன்," என்றான். "ஒரு வார்த்தை கேக்கல. சரிப்பான்னு சொன்னேன். உன்கிட்ட மட்டும் நான் கெஞ்சினதா சொன்னேன்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கிழவரை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

பலிபீடத்துத் துணியை அவள் லாண்டரிக்கு எடுத்துப் போய்த் துவைத்து, நீராவி இஸ்திரி போட்டு, பால்போலத் திருப்பிக் கொடுத்தாள். கமிட்டி அதை வாங்கி உள்ளே வைத்தது. பலிபீடத்தில் விரிக்கவில்லை.

மாமாவுக்குப் பத்து நாளில் இருமல் வந்தது, பிறகு காய்ச்சல். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினதால் வந்திருக்குமா என்று அவள் டாக்டரிடம் கேட்டாள். இந்த வயதில் எதனால் வேண்டுமானாலும் வரும் என்றார் அவர். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பதில் அவளுக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

அந்த நாட்களில் அவள் அவரிடம் பேசினாள். கையைத் தூக்குங்க மாமா, வாயைத் திறங்க மாமா, இந்தப் பக்கம் திரும்புங்க. மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சில நாள் அவர் தூங்கும்போது கக்கத்தில் புத்தகத்தோடு நிற்கும் உருவம் கண்ணில் வந்து பல்லைக் கடிப்பாள். கடித்துக்கொண்டே போர்வையைச் சரிசெய்வாள். ஜனவரி கடைசியில் ஒரு காலை, அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், மூச்சு நின்றது. வேறு யாரையும் விடாமல் அவளே கழுவினாள். இந்தத் தடவை வெந்நீரில்.

கல்லறைத் தோட்டத்தின் வாசலுக்குப் பக்கத்தில் அவருக்கென்று சபை எப்போதோ ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் அடக்கம் நடந்தது. போதகர் ஆராதனையை ஒரு வரி விடாமல் வாசித்தார். மருமகள் ஒவ்வொரு வாக்கியத்தையும் காதுகொடுத்துக் கேட்டாள். மகன் மறு வாரமே கமிட்டிக்கு ஒரு மனு எழுதினான், பின்சுவரைத் தள்ளிக் கட்டி அந்தத் துண்டு நிலத்தையும் உள்ளே சேர்க்க வேண்டும் என்று. அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. இரண்டு கூட்டம் முடிந்தும் பேச்சு இல்லை. செயலாளர் தெருவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச்சில் ஒருநாள் இரண்டு மணிக்கு அவள் லாண்டரியை விட்டு வெளியே வந்தபோது கேட்டருகில் செயலாளரின் மனைவி நின்றிருந்தாள். நெடுநேரமாக நிற்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கிறிஸ்துமஸ் அன்று நான் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தேன், அது உனக்குத் தெரியும் என்றாள். பரவாயில்லம்மா என்றாள் இவள். அந்த அம்மாள் அதற்காக வரவில்லை.

"நீ அன்னிக்கு சுவருக்கு அந்தப் பக்கம் போய் ஜெபம் பண்ணினதா கேள்விப்பட்டேன்."

"ஆமாம்மா."

"என்னோடதும் அங்கதான் இருக்கு. பொண்ணு. முப்பத்தொரு வருஷம் ஆச்சு. உங்க மாமாதான் மாட்டேன்னார், எங்க வீட்டுக்காரர் சரின்னுட்டார்." கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எந்த இடம்னு எனக்குத் தெரியாது. தோட்டக்காரரைக் கேக்க இத்தனை நாள் துணிச்சல் வரல."

மருமகள் சாப்பிட்டிருக்கவில்லை, கையெல்லாம் பிளீச் வாடை.

"வாங்க, இப்பவே கேட்டுடலாம்," என்றாள்.

தோட்டக்காரர் யோசிக்கவே இல்லை. தகரக் கதவைத் திறந்து, சாக்கடை வளையும் இடத்திலிருந்து சுவரோரமாகவே நடந்தார். போகும்போது விரலால் தரையைக் காட்டி, இங்க ஒண்ணு, இங்க ரெட்டை, இங்க ஒண்ணு என்று சொல்லிக்கொண்டே போனார். பதினேழு வரை வந்தது. ஓரிடத்தில் நின்றார்.

"இது."

"நிச்சயமாவா?" என்றாள் அந்த அம்மாள்.

"வேலைக்குச் சேர்ந்த வருஷம்மா. நான் வெட்டின முதல் குழி."

அந்த அம்மாள் நல்ல உடுப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கையை மண்மேல் வைத்து அழுத்தினாள். முள்செடியைக் காலால் ஒதுக்கிவிட்டு மருமகளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.